கண்மாயில் தண்ணீர் இல்லை

அழகர் மலைக்குத் திரும்பிய மறுவாரம்
லாட்ஜ் வாடகை பாதியாகிவிடுகிறது, பால்துரை.
மூன்று இடத்தில் விசாரித்தேன்.
நாகமலைப் பக்கம் ஒன்று,
பல்கலைக்கழகத்துக்குப் போகிற ரோட்டில்,
மாடியில் மூலை அறை.
ஜன்னலைத் திறந்தால் கண்மாய் என்றார்கள்.

"தண்ணி கெடக்கா?" என்று கேட்டேன்.
போனில் இருந்தவர் கொஞ்சம் யோசித்து
"கண்மாய் கெடக்கு மேடம்" என்றார்.
அந்த நேர்மைக்காகவே
முன்பணம் ஐநூறு அனுப்பிவிட்டேன்.

கோபப்படாதே.
தண்ணீர் உள்ள ஊர்களையும் பார்த்தேன்.
கொடைக்கானலில் ஏரி இருக்கிறது,
ஏரியைச் சுற்றி
நம் இரண்டு பேர் சம்பளமும் இருக்கிறது.
மே மாதம் ஊரே மலையேறட்டும்,
நாம் வெயிலுக்குள் இறங்குவோம்.

நீ ஓசூரிலிருந்து. நான் நாகர்கோவிலிலிருந்து.
உன் பஸ் ஆரப்பாளையத்தில் நிற்கும்,
என் பஸ் மாட்டுத்தாவணியில்.
எட்டு வருடமாக நமக்கு நடுவே கிடந்த தமிழ்நாடு
அன்றைக்கு விடிகாலை
ஷேர் ஆட்டோ தூரமாகச் சுருங்கிவிடும்.
பல் தேய்க்காமல் வா, பரவாயில்லை,
நானும் அப்படித்தான் வருவேன்.

செமஸ்டர் முடிந்து விடுதிகளைப் பூட்டியிருப்பார்கள்.
"ஆய்வேடு பைண்டிங் செய்து தரப்படும்" போர்டுக்கு அடியில்
நாய் படுத்திருக்கும்.
காதலிக்கிற பிள்ளைகள் யாரும் ஊரில் இல்லை,
மரத்தடி பெஞ்சு எல்லாம் காலி.
நாற்பதை நெருங்குகிற இரண்டு பேர்
ஒட்டி உட்கார்ந்தால் சிரிக்க ஆளில்லை.
வாட்ச்மேன் கேட்டால்
எம்.ஃபில். சேர வந்தோம் என்று சொல்வோம்.
அதைத்தான் நிறுத்திட்டாங்களே என்பார்.
அப்படியா என்று நீ அதிர்ச்சியாக வேண்டும்,
இப்போதே பழகிக்கொள்.

ஒரு சிக்கல்.
இரண்டு பேருக்கும் ஆதார் கேட்கிறார்கள்.
உன் அட்டையில் கம்பெனிக் குடியிருப்பு,
என் அட்டையில் இன்னும் அப்பா பெயர்.
கவுண்டரில் இருப்பவர் இரண்டையும் பார்த்துவிட்டு
என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்.
சர்ச்சில் கொடுத்த சான்றிதழை எடுத்து வைத்திருக்கிறேன்,
லேமினேட் செய்தது,
இதுவரை எதற்கும் பயன்படாதது.
காட்டாமலே இருந்தால் என்ன என்றும் தோன்றுகிறது.
அந்த ஆள் சந்தேகப்படட்டுமே.
எட்டு வருடத்தில் நம்மை
யாரும் அப்படிச் சந்தேகப்பட்டதில்லை.

பகல் முழுக்கத் தூக்கம்.
உன் நைட் ஷிப்ட் கண்ணுக்கும்
மார்ச் கணக்கு முடித்த என் முதுகுக்கும்.

ஐந்தரைக்கு மேல்
நாகமலையின் முதுகில் வெயில் வழுக்கும்போது கிளம்புவோம்.
தண்ணீர் இருந்திருந்தால்
கரையில்தான் நின்றிருப்போம்,
படகுக்கு டோக்கன் வாங்கி,
ஆரஞ்சு ஜாக்கெட் மாட்டி.
இப்போது நடந்தே நடுக் கண்மாய்க்குப் போகலாம்.
கெட்டிச் செருப்பாகப் போட்டு வா,
கருவேல முள் குத்தும்.
வெடித்த களிமண், நத்தை ஓடு,
பையன்கள் ஸ்டம்பு நட்டுவிட்டுப் போன குச்சி.
ஐப்பசியில் இந்த இடத்தில் ஓராள் முங்கும் என்று
ஆடு ஓட்டுகிற யாராவது கை காட்டுவார்கள்.
அங்கே உட்காருவோம்.
தலைக்கு மேலே தண்ணீர் நிற்பதாக நினைத்துக்கொண்டு
கொஞ்சநேரம் வாயை மூடியிருப்போம்.
போனில் பேசிப் பேசி நமக்கு
சும்மா இருக்கத் தெரியாமல் போய்விட்டது.

லீவுக்கு இன்றே எழுதிக் கொடு.
சூப்பர்வைசர் "பார்க்கலாம்" என்றால்
இல்லை என்று அர்த்தம், விடாதே.
எப்படியும் முன்பணம் திரும்ப வராது.
நீ வராவிட்டாலும் நான் போவேன்.
இருவருக்கான அறையில்
உன் பக்கத்துத் தலையணையில்
தர்பூசணி ஒன்றை வாங்கி வைத்து
அதற்கும் சேர்த்து ஃபேன் போடுவேன்.