மூன்றாம் நாளும் கணவாய் திறக்கவில்லை

லார்ஸ் கணவாயில் பனி சரிந்து
இன்றோடு மூன்று நாள்.
மலையடிவரை வரிசையாக நிற்கின்றன லாரிகள்,
உறைந்துபோன எறும்புச் சாரை.
என் கடையில் அடுப்பு ஒன்று, பெஞ்சு நான்கு,
அவரைக் குழம்பு, கறுப்புத் தேநீர்.
கடனுக்கும் உண்டு.

மிஹ்ரானுக்கு எரவானில் வீடு,
ஜன்னலைத் திறந்தால் அரராத்.
"பேழை தங்கியது அங்கேதான்.
பல் துலக்கும்போதே பார்க்கிறேன்,
எவனும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம்."

ஷேர்கோ எலுமிச்சை ஏற்றி வந்தவன்,
டைகிரிஸ் கரையில் ஜிஸ்ரேக்காரன்.
"கப்பல் நின்றது ஜூதி மலைமேல்.
எங்கள் ஊரில் நூஹ் நபியின் அடக்கத்தலமே இருக்கிறது.
வந்து தொட்டுப் பார்."

இருவருக்கும் பொதுவில் இருந்தது
உடைந்த ருஷ்ய மொழி.
அதில் வேற்றுமை உருபு பாதி கிடையாது:
மலைமேல், மலைக்கு, மலையால்
எல்லாம் ஒன்றுதான்.
ஆனாலும் சண்டைக்குப் போதுமானதாக இருந்தது.

"உன் வேதத்தில் மலைகள் என்று பன்மையாம்" என்றான் ஷேர்கோ,
எங்கோ கேட்டிருக்கிறான்.
"பன்மைதான். அதில் உன் மலை இல்லை."
உப்புக் கிண்ணம் அரராத் ஆயிற்று.
கவிழ்த்த குவளை ஜூதி.
சிந்திய தேநீர் பிரளயம்.
துடைத்தது நான்.

துடைத்துக்கொண்டே கேட்டேன்,
"அவர் மனைவி என்ன ஆனாள்?"

"ஏறினாள்" என்றான் மிஹ்ரான் சட்டென்று.
"பெயர் எழுதவில்லை. ஆனால் ஏறினாள்."
ஷேர்கோ குவளையை உருட்டினான்.
"விடு, நதேலா."
"சொல்."
"உன் கையால் மூன்று நாள் சாப்பிட்டிருக்கிறேன்."
"சாப்பாடு வேறு. சொல்."
"எங்கள் வேதத்தில் அவள் நம்பாதவள்.
நெருப்புக்கு உரியவளாகச் சொல்லப்பட்டவள்."
சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான்,
அடிக்குக் காத்திருப்பவன்போல.

அடுப்புக்கு மேலே புனித நினோவின் படம்,
மாமியார் மாட்டியது.
விளக்கேற்றுவது மட்டும் நான்.
கணவன் ஆலயத்தில் பாடுகிறவன்.
ஞாயிறுதோறும் வாசல்வரை கூடப் போவேன்,
கடையில் வேலை என்று திரும்பிவிடுவேன்.
பதினெட்டு வருடம்.
மழை தொடங்கிய அன்று
அவளுக்கும் ஏதாவது வேலை இருந்திருக்கும்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
மறுத்துப் பேச வாயெடுத்த மிஹ்ரான்
ரொட்டியைப் பிய்க்கத் தொடங்கினான்.
வெகுநேரம் பிய்த்தான், தின்னவில்லை.

இரவு மைனஸ் இருபத்திரண்டு.
ஷேர்கோவின் டீசல் மெழுகாக உறைந்து
எஞ்சின் செத்தது, ஹீட்டர் செத்தது.
என் அண்டா நிறைய வெந்நீரும்
மிஹ்ரானின் பழைய போர்வையுமாகப்
போராடிக்கொண்டிருந்தோம்.
வண்டிக்கு அடியிலிருந்து குரல்கள் மட்டும்:

"ஜூதி இரண்டாயிரம் மீட்டர்தானே.
உங்கள் வெள்ளம் அவ்வளவுதானா?"
"போதும் என்று நிறுத்தியவனுக்கு அளவு தெரியும்.
விளக்கை நேராகப் பிடி."
"பிடித்திருப்பது நதேலா."
"அப்படியானால் நேராகத்தான் இருக்கும்.
நீ தள்ளிப் படு."

விடியும்முன் எஞ்சின் இருமியது.
யாரும் மலையை மாற்றிக்கொள்ளவில்லை.

பத்து மணிக்குச் சாலை திறந்தார்கள்.
ஷேர்கோ ஒரு பை எலுமிச்சை வைத்தான்,
பாதி பனியில் கறுத்தது.
கடன் நோட்டில் பெயருக்குப் பதில்
மலைகளை எழுதினேன்:
அரராத், பதினாறு லாரி.
ஜூதி, பதினான்கு லாரி.
(எங்கள் காசுக்கும் அதுதான் பெயர்.)

என்ன எழுதினாய், படி, என்றான் ஷேர்கோ.
படித்தேன்.
ஒரு காலை வண்டிப்படியில் வைத்தபடி யோசித்தான்.

"ஜூதி ஏன் கீழே?"

"அகரவரிசை" என்றேன்.

மிஹ்ரான் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.