வரி இல்லாத நீர்

என் முதுகுக்குப் பின்னால் சுவரில்
லூசியானாவின் வரைபடம்.
வரிசையில் நிற்பவர்கள் அதைத்தான் படிப்பார்கள்:
மிசிசிப்பி, அச்சாஃபலாயா,
ஏரி என்று பெயர் வைத்துக்கொண்டு
கடலோடு கைகோத்துத் திரியும் பான்சர்ட்ரெயின்,
பாரடேரியா, வெர்மிலியன் விரிகுடாக்கள்,
கீழே, அத்தனையும் குடித்துவிட்டு
வாய் துடைக்காமல் கிடக்கும் வளைகுடா.

அனத்தோல் வெர்டேன் எதையும் படிக்கவில்லை.
ஈர ரப்பர் பூட்ஸோடு நேரே வந்து
நாற்பது ஏக்கருக்கு வரி கட்டணும் என்றார்.
ஐந்து டாலர் தாள்கள். இறால் வாடை.

கணினியில் தட்டினேன்.
ஏக்கர்: சுழி.
"போன அளவையில் அது நீராகிவிட்டது ஐயா.
நீருக்கு வரி இல்லை.
நீருக்கு அடியில் இருப்பது மாநிலத்துக்குச் சொந்தம்."
வாரம் ஒருமுறையாவது இதைச் சொல்கிறேன்.
நாக்குக்குப் பழகிவிட்டது.

"என் மாடுகள் நின்ற இடம்," என்றார்.
"புயல் கொண்டுபோயிருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.
எண்ணெய்க்காரன் குழாய் போட ஒரு வாய்க்கால் வெட்டினான்.
அது வழியாக விருந்தாளி மாதிரி வந்தது உப்பு.
முதலில் புல் செத்தது.
மண்ணைப் பிடித்திருந்தது புல்தான் என்று
அப்புறம்தானே தெரிகிறது."

பிறகு கேட்டார்:
"அந்த நீருக்கு இப்போ என்ன பெயர்?"

திரும்பிப் பார்த்தேன்.
அங்கே வெறும் நீலம், ஒரு வரிகூட இல்லாமல்.
இத்தனை நீர்களுக்குப் பெயர் வைத்தவர்கள்
அவர் தொழுவத்தின் மேல் நிற்கும் ஆறடிக்கு
இன்னும் வைக்கவில்லை.

"ரசீது மட்டும் கொடு மகளே.
ரசீது இருக்கும்வரை அது தரை."

கொடுக்க முடியவில்லை. அதற்கு ஒரு குறியீடு கிடையாது.
தாள்களை எண்ணாமல் மடித்துக்கொண்டு போனார்.
பூட்ஸ் தடத்தில் கொஞ்சம் நீர் தேங்கியிருந்தது.
துடைக்க வந்த ரெனேயை
மதியம்வரை ஏதோ சொல்லித் தள்ளிப்போட்டேன்.

சனிக்கிழமை மைத்துனனின் படகில்
அந்தப் பக்கம் போனோம், மீனுக்கு என்று சொல்லி.
ஆழமானி ஆறு, ஆறு, ஐந்தரை என்று வந்து
சட்டென்று மூன்று காட்டியது.
சிப்பித் திட்டாக இருக்கலாம்.
வாசல் படியாகவும் இருக்கலாம்.
அவன் என்ஜினை அணைத்தான்.
வேலிக்கம்பம் ஒன்றின் தலையில் கூழைக்கடா,
நகராமல், எங்களைப் பார்த்தபடி,
வீட்டுக்காரர் மாதிரி.

மைத்துனன் தொப்பியைக் கழற்றினான்.
வெயில், என்று முணுமுணுத்தான்.
நான் வானத்தைப் பார்க்கவில்லை.