வருகைப் பதிவேடு

கிளமெண்டியில் ஒரு கொண்டோ வாசலில்
பதினொரு வருடம்
தடைக்கம்பை ஏற்றி இறக்கியவள் நான்.
டாக்டர் லியோங் பிளாஸ்டிக் இதயத்தைப் பிரித்து
விளக்கத் தொடங்குமுன்னே
எனக்குப் புரிந்துவிட்டது:
நூறு கார் உள்ளே வருகிறது,
இருபத்தெட்டுதான் வெளியே போகிறது.
மிச்சமெல்லாம் அடித்தளத்தில்
என்ஜினை அணைக்காமல் நிற்கிறது.

உட்கார்ந்திருக்க இருபத்தெட்டு போதும்.
பால் வாங்க நடந்தால் போதாது.
காலை ஏழு மணிக்கு
எல்லாக் காரும் சேர்ந்து ஹாரன் அடிக்கும் பாருங்கள்,
அப்படி அடித்தது ஒருநாள்
மேம்பாலத்தின் பதினெட்டாம் படியில்
என் இடது முலைக்கு உள்ளே.

ஆராய்ச்சிக்கு ஒப்புக்கொண்டு மூன்று கையெழுத்து.
காலையில் ஒன்று, இரவில் ஒன்று,
வெள்ளை மாத்திரை.
மருந்தா வெறும் மாவா என்பது
கொடுக்கிற தாதிக்கும் தெரியாது,
எழுதுகிற டாக்டருக்கும் தெரியாது.
மகன் வைரவன் நாக்கில் தொட்டுப் பார்த்து
"கசக்குதும்மா, மருந்துதான்" என்றான்.
அவனுக்கு ஆராய்ச்சி அங்கேயே முடிந்தது.

சாய்ந்து படுத்து மிதிக்கிற சைக்கிள்.
சுஹைலா குளிர்ந்த களிம்போடு
விலாவுக்குள் எதையோ தேடுகிறாள்.
"ஆண்டி, சிகிட் லாகி, சிகிட் லாகி."
முதல் தடவை
நிமிடத்துக்கு நூற்று நாற்பத்தாறு முறை
கம்பு ஏறி இறங்கியது.
அவ்வளவு அவசரத்தில்
எந்தக் காராவது முழுதாகத் தாண்டுமா?
நான்கு நிமிடத்தில் கையைக் காட்டிவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து
அதே சைக்கிள், அதே கிறீச்.
திரையை என் பக்கம் காட்டமாட்டார்கள்.
ஆனால் வாசலில் நின்ற கண் சும்மா இருக்குமா,
ஜன்னல் கண்ணாடியில் திரும்பிக்கிடந்த எண்ணை
எழுத்துக்கூட்டிப் படித்தேன்:
நூற்று இரண்டு.
கம்பு நிதானமாக ஏறுகிறது.
ஏறியபின் கொஞ்சம் நிற்கிறது.
ஏழாவது நிமிடம். இன்னும் மிதிக்கிறேன்.
சுஹைலா எதுவும் சொல்லவில்லை,
"லாகி" என்பதைக்கூட.

எத்தனை கார் வெளியே போனது என்று
என்னிடம் சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை.
உறை அடுத்த மார்ச்சில்தான் பிரியுமாம்.
குனிந்து நிமிர்ந்தால் மட்டும்
தரை ஒரு நொடி படகாகிறது.
மாவு தின்றால் இப்படி ஆகுமா
என்று கேட்டேன்.
எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

பழக்கம் விடவில்லை,
என் பதிவேட்டிலும் எழுதி வைத்தேன்:

இரவு 7.40. மேம்பாலம்.
படி நாற்பத்திரண்டு.
நின்றது ஒரு முறை.
காரணம்: செருப்பு வார்.