முகவரிச் சான்று

படிவத்தின் ஏழாம் கட்டத்தில்
மின்கட்டண ரசீது கேட்டிருந்தார்கள்.
டீசல் வரும் நாட்களில் மட்டும்
இரண்டு மணி நேரம் விளக்கெரியும் ஊரில்
யார் யாருக்கு ரசீது தருவது?
அப்பா கோடு போட்ட தாளில் எழுதினார்:
"என் மகள் ஜுசிமாரா
வாவுபேஸ் ஆற்றின் இடக்கரையில்
இரண்டாம் அருவிக்கு மேலே வசிக்கிறாள்."
கீழே கையெழுத்து, தேதி,
கொஞ்சம் மீன் வாடை.

ஒன்பதாம் கட்டம்: தாய்மொழி, ஒன்று மட்டும்.
அம்மாவின் மொழி தெசானா.
எங்கள் வழக்கில் என் மொழி அப்பாவுடையது, துகானோ.
ஒரே மொழிக்காரர்கள் எங்களில் உடன்பிறந்தவர்கள்,
கட்டிக்கொள்ள முடியாது.
இதையெல்லாம் ஒரு கட்டத்துக்குள் எப்படி?
'மற்றவை' என்று குறித்தேன்.

தேர்வுக்கு இரண்டு நாள் படகு.
தேறிய பிறகு மனவுஸ் வரை மூன்று நாள்.
பிறகு விமானம்.
பிறகு காம்பினாஸ், ஜூன் மாதக் குளிர்,
எவரும் சொல்லித்தராத குளிர்.

உதவித்தொகை மூன்றாம் மாதம்தான் வந்தது.
அதுவரை வீட்டிலிருந்து வந்த மரவள்ளி மாவு,
இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலில்.
நான்கு பேர்
மூடியால் அளந்து தின்றோம்.

பல்கலைக்கழக இதழுக்குப் படமெடுக்க வந்தவன்
இறகு ஏதும் கொண்டுவரவில்லையா என்றான்.
என்னிடம் இருந்தது ஒரு கால்குலேட்டர்,
அதுவும் கிளெய்சியானியிடம் இரவல்.

நீரியல் பாடத்தில் முதல் முறை தோற்றேன்.
தயவுசெய்து
ஆறு அவளுக்குக் கணக்குச் சொல்லித்தந்தது என்று
யாரும் எழுதிவிடாதீர்கள்.
ஆறு ஒன்றும் சொல்லித்தரவில்லை.
பத்துக்கு மூன்றரை.
அருவியில் படகு கவிழாமல் பிடிக்கத் தெரியும் எனக்கு,
குழாயின் உராய்வுக் கெழு தெரியவில்லை.
மறுபடி படித்தேன், இரவில், நூலகம் மூடும்வரை,
எல்லாரையும் போல.
ஏழு வாங்கினேன்.

எதினேய் வாங்கவில்லை.
ஆகஸ்டில் ஊர் திரும்பினான்.
டிக்கெட்டுக்கு நாங்கள்தான் காசு சேர்த்தோம்.
எங்களில் நன்றாகப் படித்தவன் அவன்.
போர்வையை மடித்து வைத்துவிட்டுப் போயிருந்தான்,
திரும்பி வருகிறவன் மடிப்பதுபோல.

இரண்டாம் ஆண்டு விடுதியில் இடமில்லை.
மூவர் சேர்ந்து வாடகைக்கு வீடு பிடித்தோம்.
மாதக் கடைசியில் கதவடியில் ஓர் உறை.
மின்கட்டணம்,
நாற்பத்தேழு ரியால் அறுபது காசு.
மேலே என் முழுப்பெயர், தெரு, எண்,
எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன்.
டீசல் வரும் நாளில் பார்ப்பார்.

வெள்ளிக்குள் கட்டவேண்டும்.
யாரிடம் கேட்பது என்று
இன்னும் யோசிக்கவில்லை.