குழுநிலையில் பதிலளிப்பேன்

புதுக்கடைச் சட்ட நூலகத்தில்
மின்விசிறிக்கு நேர்கீழே உட்காரக் கூடாது.
பக்கம் தானாகப் புரளும்.
அமைச்சர் பேசிக்கொண்டிருக்கும்போதே
எதிர்க்கட்சி வந்துவிடும்.

மூன்று நாளாய்த் தேடுவது ஒரேயொரு சொல்:
குடும்பத்தவர்.
வாடகைக்காரர் இறந்தால்
உடன் வசித்த குடும்பத்தவர் தொடர்ந்து இருக்கலாம்
என்கிறது சட்டம்.
யார் அது என்று கேட்டால்
கடன்காரனைப் போல
அடுத்த பிரிவுக்குள் நுழைந்துவிடுகிறது.

ஜம்பட்டா வீதி, உள்ளொழுங்கை, இரண்டறை வீடு.
டொமினிக்கா ரீச்சரோடு
பத்தொன்பது வருடம் இருந்தவர் செலஸ்ரினா.
இரத்த உறவில்லை. ஒரே அடுப்பு.
முப்பதாம் நாள் பூசைக்கு முன்பே
வீட்டுக்காரரின் நோட்டீஸ் வந்துவிட்டது.

"சொல் ஊமையென்றால்
பேசியவர்களைப் போய்க் கேள்"
என்றார் ஜுனைதீன் சேர்.
"ஆனால் ஹன்சாட்டை மட்டும் நம்பி எழும்பாதே.
நீதிபதிக்கு விருப்பமென்றால் பார்ப்பார்,
இல்லையென்றால்
மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார்."

விமலதுங்க தொகுதியை இரண்டு கையாலும்
தூக்கிவந்து வைத்துவிட்டுத் தும்முகிறார்.
சிங்களத்தில் பேசியது சிங்களத்தில்,
தமிழில் பேசியது தமிழில்,
ஆங்கிலத்தில் பேசியது ஆங்கிலத்தில்.
யாரும் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை.
பாண் விலை. கட்டாத பாலம். யாரோ ஒருவரின் மைத்துனன்.
(குறுக்கீடு)
(குறுக்கீடு)
பிறகு ஒரு வரிசை புள்ளிகள்:
அக்கிராசனக் கட்டளைப்படி அகற்றப்பட்டுள்ளது.
உண்மை அங்கேதான் இருந்திருக்கும் என்று
மனம் சொல்லும்.
புள்ளிகளை மேற்கோள் காட்ட முடியாது.

பத்தி 1163. இரவு 8.47.
ஓர் உறுப்பினர், தமிழில்:
"என் தொகுதியில் இரண்டு தாதிமார்,
மணமாகாதவர்கள், ஒரே வீட்டில்.
ஒருவர் இறந்தால் மற்றவர் எங்கே போவார்?"

நான் எழுந்துவிட்டேன்.
கதிரை கிறீச்சிட்டதில் எல்லாரும் திரும்பினார்கள்.

அமைச்சர்:
"நல்ல கேள்வி. குழுநிலையில் பதிலளிப்பேன்."

குழுநிலைக்குப் புரட்டுகிறேன்,
விரலை நனைத்து நனைத்து.
"9 முதல் 23 வரையுள்ள வாசகங்கள்
சட்டமூலத்தின் பகுதியாக இருக்க வேண்டுமெனக்
கட்டளையிடப்பட்டது."
அவ்வளவுதான். பதினைந்து வாசகம், ஒரு மூச்சு.
அப்போது பாராளுமன்றம் காலிமுகக் கடலோரம் இருந்தது.
மணி ஒன்பதரை. பஸ் பிடிக்க வேண்டும்.
பசித்திருக்கும்.

"எதிர்க்கட்சி உறுப்பினரின் கேள்வி
சட்டவாக்கத்தின் எண்ணம் ஆகுமா?"
ஆகாது, கனம் நீதிபதி அவர்களே.
ஆனால் கேள்வி அவர்கள் காதில் விழுந்திருக்கிறது.
விழுந்த பிறகும்
அந்தச் சொல்லை ஒடுக்காமல் விட்டிருக்கிறார்கள்.
(மறந்துபோனார்கள் என்றுதான் நானும் நினைக்கிறேன்.
அதை யாரும் கேட்கவில்லை.)

கண்ணாடியைக் கழற்றவில்லை.
ஒக்டோபர் பதினான்குக்குத் தவணை.

வெளியே, வான்கள் ஹோர்ன் அடிக்கும் படிக்கட்டில்,
செலஸ்ரினா போட்டோப்பிரதியை வாங்கினார்.
1163-இல் விரல் வைத்து
எழுத்தெழுத்தாகப் படித்தார்.
வழக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அந்த மற்றத் தாதி
பிறகு எங்கே போனா, மிஸ்?"

அன்று பின்னேரம் திரும்பிப் போய்
சுட்டியைப் பார்த்தேன்.
தபால் கட்டணம்.
அடுத்தது தார்.