பதினேழாம் குழாய்

எலகங்காவுக்குத் தண்ணீர் லாரி இன்னும் வரவில்லை.
ஆவியைக் குளிரவைக்க ஒரு வாளி போதும்,
அதற்கும் வழியில்லாத மே மாதம்.
கடல் மட்டத்துக்கு மூவாயிரம் அடி மேலே
ஒரு மென்பவளத்தை வடித்துக்கொண்டிருக்கிறேன்.

மண்டபத்துக் கடலில் தொட்டபோது
ஈரமான ஆட்டுக்காது மாதிரி இருந்தது.
எலும்பில்லை. ஓடில்லை.
ஓடிப்போகக் காலில்லை.
கடித்துப் பார்த்த மீன்
அப்படியே துப்பிவிட்டுத் திரும்பியது.
முக்குளித்த சவேரியான்
கண்ணாடிக்குள் சிரித்தார்.

அந்தக் கசப்பைத்தான் தேடுகிறோம்.

வனத்துறை முத்திரையோடு வந்தது இரண்டு கிலோ.
சாராயத்தில் ஊறி, வற்றி,
ஒரு கிண்ணம் பச்சைப் பிசின்.
அது சிலிக்கா மணலில் இறங்கி
நாற்பது குழாய்களாகப் பிரிந்தது.
பதினேழாவதில் மட்டும்
மூன்று மில்லிகிராம்,
நகக்கண்ணில் ஒட்டும் அளவு.

நஞ்சம்மா தரை துடைக்க வருவாள்.
என் வயதுதான், முப்பத்தாறு.
போன வருடம் சொட்டுமருந்து ஏறிய கையில்
நரம்பு இன்னும் கறுத்துக் கிடக்கிறது.
எங்கள் பாஷையில் உன் பெயருக்கு விஷம் என்று அர்த்தம்
என்று ஒருநாள் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
"எங்களுக்கும் அதேதான்" என்றாள்.
"முழுங்கினவன் பேரு. அவனும் சாகல, நானும் சாகல."

பிள்ளையைச் சுமக்கும் கொடிக்கும்
நஞ்சு என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம்.
ஏன் என்று இதுவரை யோசித்ததில்லை.

வியாழக்கிழமை தட்டை எடுத்துப் பார்த்தேன்.
புற்றுச் செல்கள் சுருங்கிக் கிடந்தன.
நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன்.
அடுத்த வரிசை, ஒரு குற்றமும் செய்யாத
சிறுநீரகச் செல்கள்.
அவையும் அப்படியே.

மீனையும் கட்டியையும் என்னையும்
ஒன்றாகவே பார்க்கிறது இந்தக் கசப்பு.
பாறையில் ஒட்டி நிற்பதற்கு
வேறெப்படிப் பார்க்கத் தெரியும்?

"ஆயித்தா?" என்றாள் நஞ்சம்மா, மாப்பைப் பிழிந்தபடி.
இல்லை, நல்லதையும் சேர்த்துக் கொல்கிறது என்றேன்.
"எனக்கு ஏத்தினதும் அப்படித்தானே.
முடி என்ன பாவம் பண்ணிச்சு?"
தலையைத் தடவிக்கொண்டாள்.
இப்போதுதான் சீப்பு நிற்கிறது அதில்.

வெளியே லாரி ஹாரன்.
மாப்பைச் சாய்த்துவிட்டு
குடத்தோடு ஓடினாள்.

பாதியாக்கினேன்.
பாதியில் பாதி. அதிலும் பாதி.
மூன்று நாள் பொறுக்க வேண்டும்.
மிச்சம் ஒன்றரை மில்லிகிராம்
ஃப்ரீசருக்குப் போகிறது.
பேனா மை சாராயத்தில் கரைந்துவிடும்.
பென்சிலால் எழுதுகிறேன்,
பதினேழு.