ஒன்று புள்ளி பூஜ்யம் மூன்று

எண்ணூர் யார்டிலிருந்து மூன்றாம் முறையாகத் தேசப்பன்:
"மேடம், சி-பதினாலு வெட்டலாமா வேணாமா?
கேஸு வந்து காத்துனு கீது."

நாலரை மீட்டர்த் தூண்.
இந்திய நெறியில் நேற்றுப் போட்டபோது
ஒன்று புள்ளி பூஜ்யம் மூன்று.
நூறு பேர் நிற்கிற இடத்தில்
நூற்று மூன்று பேர்.
சிவப்பு மையில் வட்டமிட்டு வீட்டுக்குப் போனேன்.

இரவில் ராட்டர்டாமிலிருந்து ஒரே ஒரு வரி:
சட்டகம் இங்கேதான் நிற்கப்போகிறது,
ஐரோப்பிய நெறியைப் பின்பற்றவும்.

பூஜ்யம் புள்ளி ஒன்பது ஒன்று.
தேறிவிட்டது.
ராத்திரி யாரும் அதைத் தொடவில்லை.
தடிமன் அதே, எஃகு அதே,
மேலே உட்கார்ந்த காக்காய்கூட அதேதான் என்கிறார் தேசப்பன்.

யாரும் கேட்காமலே அமெரிக்க நெறியிலும் போட்டேன்.
புள்ளி ஒன்பது நான்கு.

எஃகின் பலத்தை
ஒன்று புள்ளி ஒன்றால் வகு என்கிறது நம் புத்தகம்.
ஐரோப்பியர் ஒன்றால் வகுக்கிறார்கள்,
அதாவது வகுக்கிற பாவனை மட்டும்.
அமெரிக்கர் புள்ளி ஒன்பதால் பெருக்கிவிட்டு
எழுந்து போய்விடுகிறார்கள்.
நெளிவுக்கு நம்மிடம் நான்கு வளைகோடுகள்,
அவர்களிடம் ஐந்து,
அமெரிக்காவில் எல்லாத் தூணுக்கும் ஒன்றே ஒன்று.
எந்தத் தூணும் நேராகப் பிறப்பதில்லை
என்பதில் மூவருக்கும் உடன்பாடு.
எவ்வளவு கோணல் என்பதில்தான் சண்டை.

"அப்ப நம்மாளுங்க பயந்தாங்கொள்ளிங்களா?"
பக்கத்து மேசை நஸ்ரீன் கேட்டாள்.
மேடவாக்கம் ஃபிளாட்டுக்கு
மூன்று வங்கிகள் என் ஒரே சம்பளச் சீட்டைப் பார்த்து
மூன்று தொகை சொன்னது ஞாபகம் வந்தது.
அதிகம் தந்த வங்கியில்தான் கையெழுத்துப் போட்டேன்.
அதை அவளிடம் சொல்லவில்லை.

தேசப்பனிடம் சொன்னேன்:
"வெட்டுங்க."

ஆறே முக்கால். கிண்டி ஸ்டேஷன் நடைமேம்பாலம்.
மழைக்கு ஒதுங்கிய கூட்டம் என்னை ஒரு தூணோடு அழுத்துகிறது.
லேடீஸ் ஹாஸ்டல் நோட்டீஸ், வெற்றிலைச் சாறு,
அடியில் துரு செதிலாக உரிகிறது.
வெல்டிங்கின் கசடைத் தட்டி எடுக்காமலே
பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.
அன்று அவனுக்கும் ஷிப்ட் முடிகிற நேரமாக இருந்திருக்கும்,
அல்லது இதே மாதிரி மழை.
இந்தக் கசடு ராட்டர்டாம் கணக்கில் எந்த வரியில் வரும்?
நம் கணக்கில்?
புள்ளிக்குப் பின்னால் நிற்கிற அந்த ஒன்று
இவனுக்காகத்தானா,
இல்லை, குழுவில் யாரோ ஒருவர்
சாப்பாட்டு நேரத்துக்கு முன் சொல்லி வைத்த எண்ணா?

தாம்பரம் வண்டி வந்து நிற்க
மேலே ஒரே நேரத்தில் இருநூறு கால்கள்.
முதுகில் தூண் லேசாக அதிர்ந்தது.
மனசு தன்பாட்டுக்குக் கணக்குப் போட ஆரம்பித்து
பாதியில் நின்றுவிட்டது.

போன்.
"வெட்டியாச்சு மேடம்.
ஒரு மொழம் மிச்சம் கீது. இன்னா பண்றது?"

ஒரு முழத் துண்டு
எந்த நாட்டிலும் நெளியாது.

"நிக்க வெச்சு மேல உட்காருங்க" என்றேன்.
"டீ வந்திருக்கும்ல."